பின் கண்ணாடி வைப்பர்: புது பிளேடு போட்டும் நடுவில் ஒரு பட்டை துடைக்கவில்லை

வேளச்சேரி வாசகர் கேட்டது, 13 அக்டோபர் 2024

2011 மாடல் ஹேட்ச்பேக், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பின் கண்ணாடி வைப்பரைப் போட்டால் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டை ஈரமாகவே நிற்கிறது. மீதி இடம் மங்கல். ஆயுத பூஜைக்கு வாட்டர் வாஷ் விட்டபோது கடைக்காரர் சொன்னார் என்று ஃப்ரேம் இல்லாத புது பிளேடு மாட்டினேன். முன்பைவிட மோசம். பிளேடு டூப்ளிகேட்டா, இல்லை பின் வைப்பர் என்றாலே இப்படித்தானா? மழை வேறு வரப்போகிறது என்கிறார்கள்.

13 அக்டோபர், இரவு

இன்னொரு பிளேடு வாங்கிவிடாதீர்கள். பின் வைப்பர் சரியாகத் துடைக்கவில்லை என்றால் எல்லோரும் முதலில் ரப்பரைத்தான் சந்தேகப்படுகிறார்கள். நான் பார்த்தவரை அது கடைசியில் பார்க்க வேண்டிய விஷயம். முதலில் கண்ணாடி, அப்புறம் ஆர்ம் (பிளேடைத் தாங்கி ஆட்டுகிற கை), அதற்கப்புறம்தான் பிளேடு.

வைப்பரைத் தொடாமல் மேலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஒரே படலமாகப் பரவி வழிந்தால் கண்ணாடி சுத்தம். அங்கங்கே பிரிந்து முத்து முத்தாக நின்றால் மேலே எண்ணெய்ப் பசை இருக்கிறது என்று அர்த்தம். வாட்டர் வாஷ் கடையில் பாடிக்கும் டயருக்கும் பாலிஷ் போட்ட அதே துணியால் கடைசியில் பின் கண்ணாடியையும் ஒரு இழுப்பு இழுத்து விடுவார்கள். வெயிலில் பளபளக்கும். முதல் தூறலில் குட்டு வெளிப்படும்.

பாத்திரம் கழுவும் விம் லிக்விட் சில சொட்டு, தண்ணீர், மெத்தென்ற ஸ்பாஞ்ச். பச்சை நார் வேண்டாம். நன்றாக அலசிவிட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைச் சுத்தமான துணியில் தொட்டு ஒரு முறை துடையுங்கள். அதே துணியின் மறுபக்கத்தால் ரப்பரின் விளிம்பையும் நீளவாக்கில் வழித்து எடுங்கள். துணி கறுப்பாகும், பயப்பட வேண்டாம். பிறகு மறுபடி தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

14 அக்டோபர், காலை

ஒன்று விட்டுப்போனது. ஆயுத பூஜை என்றீர்களே, பின் கண்ணாடியில் சந்தனம், குங்குமம் வைத்தீர்களா? காய்ந்த சந்தனத்தின் மேல் வைப்பரை ஓட்டினால் அந்தத் துகள் ரப்பர் விளிம்பில் ஏறிக்கொண்டு ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு கோடு போடும். மெல்லிய, ஒரே இடத்தில் விழும் கோடு என்றால் விளிம்பில் தூசியோ கீறலோ இருக்கிறது. உங்களுடையது அகலமான பட்டை, அது வேறு ரகம். இருந்தாலும் சந்தனத்தை ஈரத்துணியால் ஊறவைத்து எடுத்துவிடுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

14 அக்டோபர், இரவு

வேளச்சேரிக்காரர் செய்து பார்த்துவிட்டார். தண்ணீர் இப்போது பரவுகிறதாம், மங்கல் பாதிக்குமேல் போய்விட்டதாம். பட்டை மட்டும் அசையவில்லை. எதிர்பார்த்ததுதான்.

விஷயம் இது. பழைய மாதிரி ஃப்ரேம் உள்ள பிளேடில் ரப்பருக்குள் இரண்டு ஏறக்குறைய நேரான எஃகுப் பட்டைகள் இருக்கும். ஃப்ரேமின் கால்கள் அதை வளைத்துக் கண்ணாடியோடு ஒட்டவைக்கின்றன. ஆர்ம் கொடுக்கும் அழுத்தம் போதவில்லை என்றால் அது வளையாது, இரண்டு முனைகளும் தூக்கிக்கொள்ளும். துடைக்காமல் நிற்பது ஓரங்கள். ஃப்ரேம் இல்லாத பிளேடு நேர் எதிர். அது கண்ணாடியைவிடக் கூடுதலாக வளைத்தே செய்யப்படுவது. ஆர்ம் நடுவில் அழுத்தினால்தான் விரிந்து முழுதும் படும். அழுத்தம் குறைந்தால் முனைகள் இரண்டும் தொட்டுக்கொண்டு நிற்கும், நடுவில் இடைவெளி.

ஆக உங்களுடையது அழுத்தக் குறைவு. பழைய பிளேடில் ஓரம் விட்டிருக்குமே, ஞாபகப்படுத்திப் பாருங்கள். புதுசு போட்டதும் கோளாறு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

15 அக்டோபர்

வெள்ளத்துக்குப் பயந்து அவர் வண்டி இப்போது மேம்பாலத்தில் நிற்கிறதாம். வேளச்சேரியில் பாதிப் பேர் வண்டி அங்கேதான். பாலத்தின் மேல் வரிசையாக நிற்கிற ஹேட்ச்பேக்குகளில் எத்தனையில் பின் வைப்பர் ஆர்ம் கண்ணாடியை உண்மையிலேயே அழுத்துகிறது என்று யாராவது பார்த்துவிட்டு வந்தால் நன்றாக இருக்கும். இப்போதைக்கு வேலை ஒன்றும் வேண்டாம், வண்டி நனையட்டும்.

17 அக்டோபர்

பெருமழை என்று பயமுறுத்தியது ஆந்திரப் பக்கம் நகர்ந்துவிட்டது. வண்டியும் இறங்கிவிட்டது. இனி ஆர்ம்.

லக்கேஜ் எடை பார்க்கிற சின்னக் கைத் தராசு வீட்டில் இருக்கிறதா? விமானத்தில் போகிறவர்கள் வீட்டில் இருக்கும். அதன் கொக்கியை ஆர்மின் நுனியில், பிளேடு மாட்டும் இடத்தில் போட்டு, கண்ணாடிக்கு நேர் செங்குத்தாக இழுத்துக் கொஞ்சம் தூக்கிவிட்டு, மெதுவாக இறக்குங்கள். ரப்பர் மறுபடி கண்ணாடியைத் தொடும் கணத்தில் என்ன எடை காட்டுகிறது என்று பாருங்கள். பிளேடின் ஒரு அங்குல நீளத்துக்குச் சுமார் 30 கிராம் என்பது நான் வைத்துக்கொள்ளும் தோராயக் கணக்கு. 12 அங்குலப் பிளேடு என்றால் 350 கிராமை ஒட்டி வரவேண்டும். கொஞ்சம் கூடலாம், பாதியாகக் குறையக் கூடாது.

குறைந்தால் உடனே ஸ்ப்ரிங் போச்சு என்று முடிவுகட்ட வேண்டாம். ஆர்ம் மடங்குகிற மூட்டைப் பாருங்கள். சின்ன ஊசி மாதிரி ஒரு பின்னில் ஆடுகிற மூட்டு. நம் ஊர்த் தூசியும் உப்புக் காற்றும் உள்ளே போய்த் துருவோடு சேர்ந்து கெட்டிப்பட்டுவிடும். ஸ்ப்ரிங் தன் பாட்டுக்கு இழுக்கும், மூட்டு அசையாது. சோதிக்கக் கண்ணாடிமேல் ஒரு மடித்த துண்டை விரித்துவிட்டு ஆர்மைக் கொஞ்சம் தூக்கி விடுங்கள். சட்டென்று விழ வேண்டும். யோசித்து யோசித்து இறங்கினால் மூட்டுதான்.

துண்டு அவசியம். முன் கண்ணாடி நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது, அடிபட்டால் விரிசல் விட்டு அப்படியே நிற்கும். பின் கண்ணாடி பெரும்பாலும் டஃபன்ட், அதாவது சூடேற்றி இறுக்கியது. தப்பான இடத்தில் ஒரு தட்டு பட்டால் மொத்தமும் கல்கண்டுத் தூளாகி டிக்கிக்குள் கொட்டும்.

17 அக்டோபர், கொஞ்ச நேரம் கழித்து

ஆர்ம் முழுதாக நிமிரவில்லை என்றால் மேலும் தள்ளாதீர்கள். மேலே ஸ்பாய்லர் இருக்கும் வண்டிகளில் பாதிதான் தூக்க முடியும்.

19 அக்டோபர்

தராசு 200 கிராம்கூடக் காட்டவில்லையாம். மூட்டில் பழைய டூத்பிரஷ்ஷால் மண்ணை எடுத்து, தையல் மெஷின் எண்ணெய் விட்டு, ஆர்மை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். மறுநாள் 330. பட்டை காணாமல் போய்விட்டது என்று எழுதியிருக்கிறார். பிளேடு கடைக்காரருக்குக் கொடுத்த காசு மட்டும் திரும்பி வராது.

எண்ணெய் வழிந்து கண்ணாடிக்கோ ரப்பருக்கோ வந்தால் முதல் நாள் செய்த வேலை வீண். மூட்டுக்குக் கீழே ஒரு காகிதம் வைத்துக்கொண்டு விடுங்கள், மிச்சத்தைத் துடைத்து எடுத்துவிடுங்கள். இதை அவருக்கு முன்னமே சொல்லியிருக்கலாம். அவராகவே செய்திருக்கிறார்.

20 அக்டோபர்

கீழே கமென்ட்டில் வந்த யோசனைகளைப் பற்றி.

ரப்பரை மண்ணெண்ணெயில் துடைத்தால் புதுசாகும் என்று அம்பத்தூர் அண்ணன் ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் வாரம் மிருதுவாகத்தான் இருக்கும். மண்ணெண்ணெய், டீசல் எல்லாம் ரப்பரை ஊதவைக்கும். விளிம்பு அலையலையாகிவிடும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், அது தலைக்கு.

உப்புத்தாள் போட்டு விளிம்பைத் தேய்க்கச் சொன்னவருக்கு: அந்த விளிம்புதான் பிளேடே. அதன் மேல் கிராஃபைட் பூச்சு இருக்கும், வழுக்கி ஓடுவதற்காக. தேய்த்தால் பூச்சும் போய், கூர்மையும் போய், தடதடவென்று ஆட ஆரம்பிக்கும்.

தடதடப்பு என்றதும் ஒன்று. ஒரு பக்கம் போகும்போது மட்டும் தடதடத்தால் அது பிளேடு நிற்கும் கோணம். ரப்பர் உதடு, அதாவது கண்ணாடியைத் தொடும் அந்த விளிம்பு, பிளேடு எந்தப் பக்கம் போகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் சாய்ந்து இழுபட வேண்டும், திரும்பும்போது மடிந்து மாற வேண்டும். ஆர்ம் முறுக்கிக்கொண்டால் ஒரு திசையில் மடிகிறது, மறு திசையில் முட்டிக்கொண்டு குதிக்கிறது. உலோக ஆர்ம் என்றால் நிதானமாகக் கொஞ்சம் திருகி நேராக்கலாம். பிளாஸ்டிக் என்றால் முயற்சியே வேண்டாம், உடையும்.

பின் பிளேடு ஓடித் தேய்வதில்லை, உட்கார்ந்தே சாகிறது. வருஷத்தில் சில வாரம்தான் அதற்கு வேலை. மீதி நாளெல்லாம் ஒரே இடத்தில், ஒரே பக்கம் மடிந்து, கத்திரி வெயிலில் வெந்துகொண்டு இருக்கிறது. அந்த மடிப்பு அப்படியே தங்கிவிடும். விரலால் உதட்டைப் புரட்டிப் பாருங்கள். தானாக நடுவுக்கு வந்தால் இன்னும் உயிர் இருக்கிறது. ஒரு பக்கமே சாய்ந்து நின்றால் மாற்ற வேண்டியதுதான். அப்போதும் நல்ல ஃப்ரேம் என்றால் ரப்பரை மட்டும் மாற்றலாம். எஃகுப் பட்டைகள் இரண்டையும் பழைய ரப்பரிலிருந்து எடுத்து, வளைவு திசை மாறாமல் புதுசில் செருகவேண்டும்.

27 அக்டோபர்

பின் கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சும் நாசிலில் தண்ணீர் வரவில்லை என்று மூன்று பேர். இது தனி இழை போட வேண்டிய விஷயம், ஆனால் இங்கேயே சொல்கிறேன், ஏனென்றால் பின் வைப்பருக்குத் தண்ணீர் முன் வைப்பரைவிட அவசியம். கொட்டுகிற மழையில் அது நன்றாகவே துடைக்கும். தூறலில்தான் திணறும். பாதி ஈரத்தில் மெட்ரோ வேலை நடக்கிற சாலையின் சிமென்ட் தூசியைக் குழைத்துப் பூசும். வெறும் தூசியில் ஓட்டினால் கண்ணாடி கீறும்.

பல வண்டிகளில் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே டேங்க், ஒரே மோட்டார். ஒரு பக்கம் சுற்றினால் முன்னே, எதிர்ப்பக்கம் சுற்றினால் பின்னே. பானெட்டிலிருந்து கிளம்புகிற தண்ணீர் மெல்லிய குழாயில் வண்டி நீளம் முழுக்க வந்து, டிக்கிக் கதவு திறக்கும் இடத்தில் இருக்கும் மடிப்பு ரப்பருக்குள் நுழைந்து, அப்புறம் நாசில். முன்னே பீய்ச்சுகிறது, பின்னே வரவில்லை, டிக்கி கார்ப்பெட்டோ மேல் கூரைத் துணியோ ஈரம் என்றால், அந்த மடிப்பு ரப்பருக்குள் குழாய் கழன்றிருக்கிறது. திறந்து மூடி, திறந்து மூடிக் கழன்றுவிடும். எங்கும் ஈரம் இல்லை, மோட்டார் சத்தம் மட்டும் கேட்கிறது என்றால் நாசில் அடைப்பு. மெல்லிய ஊசியால் குத்தி எடுக்கலாம்.

அடைப்பது வேறொன்றுமில்லை, நம் போர்வெல் தண்ணீரின் உப்பு. அதே உப்புதான் கண்ணாடியில் வெள்ளை வட்டங்களாகவும் உட்கார்ந்திருக்கிறது. அபார்ட்மென்ட்டில் காலையில் வண்டி துடைக்கிற தம்பி பக்கெட்டில் கொண்டுவருவதும் அதே தண்ணீர்தான். கால்சியம் படிவு என்பதால் புளிப்புக்குக் கரையும். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி, துணியில் நனைத்துச் சில நிமிடம் ஒட்டவைத்து, துடைத்து, நன்றாக அலசுங்கள். பெயின்ட்டில் வழியவிடாதீர்கள். எலுமிச்சையும் வேலை செய்யும். பூஜையன்று டயருக்கு அடியில் வைத்து நசுக்குகிற நாலு பழத்துக்கு இது நல்ல உத்தியோகம்.

வருஷக்கணக்கில் வெந்த கறை வினிகருக்கு மசியாது. சீரியம் ஆக்சைடு பொடி போட்டுப் பாலிஷ் பிடிக்க வேண்டும், பொறுமை வேண்டும்.

27 அக்டோபர், பின்குறிப்பு

ஆர்.ஓ. மெஷினிலிருந்து வீணாக வெளியேறும் தண்ணீரை வாஷர் டேங்கில் ஊற்றிச் சிக்கனம் பண்ணுவதாக ஒருவர். ஐயா, அதில்தான் உப்பு எல்லாம் திரண்டு வருகிறது! வீட்டு ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து, துணியில் வடிகட்டி ஊற்றுங்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவது, உப்பு கிடையாது. சென்னையில் அதற்குப் பஞ்சமும் கிடையாது. ஷாம்பு மட்டும் கலக்காதீர்கள், காய்ந்து நாசிலை அடைக்கும்.

2 நவம்பர்

தீபாவளி முடிந்தது. எல்லாக் கண்ணாடியிலும் வெடிப்புகையின் சாம்பல் படலம். வைப்பரைப் போடுவதற்கு முன் தண்ணீர் ஊற்றுங்கள்.

9 நவம்பர்

வேளச்சேரிக்காரர் மறுபடி. பகலில் பளிச், இரவில் பின்னால் வருகிற வண்டியின் ஹெட்லைட் விழுந்தால் மட்டும் கண்ணாடி முழுக்க மங்கல். வெளியே எவ்வளவு துடைத்தும் போகவில்லை.

வெளியே இல்லாததை வெளியே தேடினால் எப்படிப் போகும்? உள்பக்கம் விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு தெளிவாகத் தெரிந்தால் அழுக்கு உள்ளே. வெயிலில் நிற்கும் வண்டியின் பிளாஸ்டிக்கிலிருந்து ஆவியாகிற பொருளே கண்ணாடியில் மெல்லிய பசையாகப் படியும். ஆனால் 2011 மாடல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது என்கிறபோது எனக்கு வேறு சந்தேகம். 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாது என்று சொன்ன பிறகு, போலீஸ் பிடிக்குமுன் அவசர அவசரமாகக் கிழித்தவர்கள் ஏராளம். ஃபிலிம் வந்துவிடும், பசை வராது. உங்கள் முந்தைய ஓனரும் அந்தக் கூட்டத்தில் ஒருவராக இருக்கலாம்.

ரேஸர் பிளேடு போட்டுச் சுரண்டாதீர்கள். உள்பக்கம் ஓடுகிற பழுப்புக் கோடுகள் டீஃபாகரின் (கண்ணாடியைச் சூடாக்கி மூட்டம் போக்குவது) மின்கம்பிகள், கண்ணாடியின் மேலேயே அச்சிட்டவை. ஒரு இடத்தில் அறுந்தால் அந்தக் கோடு முழுக்கச் சூடேறாது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, ஐசோபுரோபைல் தொட்ட துணியால் கோட்டின் போக்கிலேயே இடவலமாகத் துடையுங்கள். மேலும் கீழும் வேண்டாம். ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

10 நவம்பர்

பசையேதான். ஓரத்தில் கிழிந்த ஃபிலிம் துணுக்குக்கூட இருந்ததாம்.

16 நவம்பர்

"செடான் வண்டிக்குப் பின் வைப்பரே இல்லையே, அவர்கள் என்ன குருடாகவா ஓட்டுகிறார்கள்" என்று ஒரு கேள்வி. நல்ல கேள்வி. செடானில் கூரையிலிருந்து இறங்குகிற காற்று சாய்ந்த கண்ணாடியை ஒட்டியே வழிந்து தண்ணீரைத் தள்ளிவிடும். ஹேட்ச்பேக்கின் முதுகு செங்குத்து. காற்று கூரையின் விளிம்பிலேயே பிரிந்துவிடும், பின்னால் அழுத்தம் குறைந்த சுழல் உண்டாகும். டயர் கிளப்புகிற சேற்றுத் தண்ணீரை அந்தச் சுழல் மேலே இழுத்துக் கண்ணாடியில் அப்பும். ஓ.எம்.ஆரில் மழையில் ஒரு தடவை போய் வந்தால் பின்னால் நம்பர் பிளேட்டே தெரியாது.

இதையொட்டி இன்னொன்று. மழைநீர் நிற்காமல் உருண்டோடும் என்று விற்கிற கோட்டிங்கைப் பின் கண்ணாடிக்குப் போடலாமா என்று அக்டோபரிலேயே ஒருவர் கேட்டார், அப்போது பதில் சொல்லவில்லை. முன் கண்ணாடியில் துளியைத் துரத்த எதிர்க்காற்று இருக்கிறது. ஹேட்ச்பேக்கின் பின்னால் அது இல்லை. துளி துளியாக அங்கேயே உட்கார்ந்திருக்கும். வைப்பர் போனால் மங்கலாக ஒரு படலம் விடும். நான் போடமாட்டேன். போட்டிருப்பவர்கள் முதல் நாள் சொன்ன செம்புத் தண்ணீர்ச் சோதனையை நம்ப வேண்டாம், அங்கே முத்து முத்தாக நிற்பது கோட்டிங்கின் வேலை, எண்ணெய் அல்ல.

ரிவர்ஸ் கேமரா இருக்கிறது, வைப்பர் எதற்கு என்றவருக்கு: கேமராவும் அதே சேற்றில்தான் இருக்கிறது. அதற்கு வைப்பரும் கிடையாது.

30 நவம்பர்

ஃபெங்கல் புயல். ஏர்போர்ட்டே மூடிவிட்டார்கள். வைப்பர் நன்றாக ஓடுகிறதா என்று சோதிக்க யாரும் வெளியே போகாதீர்கள்.

8 டிசம்பர்

புயலுக்கு அப்புறம் திருவான்மியூரிலிருந்து: மோட்டார் முனகுகிறது, ஆர்ம் நகரவில்லை. அங்கே கடற்காற்று, கேட்கவே வேண்டாம். வெளியே வருகிற எஃகுத் தண்டு ஒரு அலுமினியக் கூட்டுக்குள் சுற்றுகிறது. மேலே உள்ள சீல் காய்ந்ததும் தண்ணீர் இறங்கி இரண்டும் அரித்துப் பிடித்துக்கொள்ளும். சுவிட்சை விடாமல் போட்டு மோட்டாரை எரித்துவிடாதீர்கள். ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள்.

ஆர்மின் அடியில் மூடியைத் திறந்தால் ஒரு நட்டு, 10 அல்லது 13 ஸ்பேனர் சேரும். கழற்றுவதற்கு முன் பிளேடு நிற்கும் இடத்தில் கண்ணாடியில் ஒரு டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். நட்டு வந்த பிறகும் ஆர்ம் வராது, பல்லில் இறுகியிருக்கும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு இரவு முழுக்க விட்டுவிட்டு, சின்ன புல்லர் போட்டு இழுக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரைக் கண்ணாடியில் முட்டுக்கொடுத்து நெம்பினால் என்ன ஆகும் என்று அக்டோபர் 17ஆம் தேதியே எழுதிவிட்டேன். தண்டைக் கையால் திருப்பிப் பார்த்து அசைகிறது என்றால் சுத்தம் செய்து கிரீஸ் வைத்துப் பிழைக்கவைக்கலாம். அசையவே இல்லை என்றால் மோட்டாரை வெளியே எடுக்க வேண்டும், அதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

9 டிசம்பர்

ஆர்ம் தனியாகக் கிடைக்குமா என்கிறார் அதே திருவான்மியூர்க்காரர். ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் கேளுங்கள், பழைய ஆர்மைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். மாடல் பெயர் மட்டும் சொன்னால் போதாது. நீளம், தண்டின் பல், பிளேடு மாட்டும் கிளிப் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். முன் வைப்பரின் கொக்கிக்கான பிளேடு பல வண்டிகளில் பின்னால் சேராது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். புதுப்பேட்டையில் பழைய வண்டியிலிருந்து கழற்றிய ஆர்ம் விலை குறைவு. ஆனால் வெயிலில் கிடந்த பிளாஸ்டிக், மூட்டை அங்கேயே மடக்கி விட்டுப் பார்த்து வாங்குங்கள். மாட்டும்போது ஒரு கையால் ஆர்மைப் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள், அந்த முறுக்கு மோட்டாரின் பிளாஸ்டிக் கியருக்குப் போகக் கூடாது. மூடியையும் திரும்பப் போட்டுவிடுங்கள்.